என் சிங்களமும் இரண்டு சொட்டு மருந்தும்

இதை எழுத உட்கார்ந்து எழும்பியே பல வருஷம் போய்விட்டது. ஒரு தடவை அரை நோட்டுக் கொப்பி எழுதினேன். அதைக் கரையான் தின்றது. கவலைப்பட வேண்டிய நான் கரையானுக்கு நன்றி சொன்னேன். ஆனால் கோயிலில் கண்ணை மூடி நிற்கும்போதெல்லாம் "சொன்னியா?" என்று அம்மன் கேட்பதுபோலவே இருக்கிறது. அதனால் சொல்லிவிடுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். (பிழையைப் பற்றித்தான் எழுதவே போகிறேன்.)

பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற காலம் அது. நாலந்தா என்ற சிங்கள ஊருக்கு இந்தப் பக்கம் ஒரு கொக்கோத் தோட்டத்து ஸ்டோரில் எனக்கு வேலை. மகள் மல்லிகாவுக்கு ஐந்து வயது. சளித் தடிமன் பிடித்து, காய்ச்சலாகி, இடது காதில் சீழ் வடிய ஆரம்பித்தது. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் லீவில் போயிருந்தார். பல்லேபொலப் பக்கம் ஒரு கிளினிக் இருந்தது. அங்கே இருந்த மிஸ்ஸிக்கு (நர்ஸம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) சிங்களம் மட்டும்தான் தெரியும்.

என் மனைவி பார்வதி சிங்களக் கிராமத்துக்கு நடுவில் வளர்ந்தவள்.

"நானும் வர்றேங்க. பாஷை வேணுமில்ல?"

"ஏன், எனக்கு வராதா? சந்தையில யாரு பேசுறா, உங்கப்பனா?"

"சந்தையில நீங்க பேசுறது விலைங்க. அதுக்கு விரலைக் காட்டினாலே போதும்."

அந்தச் சொல்லுக்காகவே அவளை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகப் போனேன்.

கிளினிக் பெஞ்சில் எங்கள் லயத்து வரிசை வீட்டு முத்தையா தாத்தா காலில் புண்ணோடு உட்கார்ந்திருந்தார். மிஸ்ஸி சொன்னதில் "கக்குல" என்றால் கால் என்று எனக்குத் தெரியும். "உப்புத் தண்ணியில கழுவி, ஈரத்தைத் துடைச்சு, சுத்தமான துணியா கட்டணுமாம்" என்றேன். "தம்பி இல்லாட்டி நான் என்னாத்துக்கு ஆவேன்!" என்றார். அடுத்து, வயிற்றோட்டத்தோடு கைக்குழந்தையைத் தூக்கி வந்த ஒரு தாய். தாய்ப்பாலை நிறுத்தாமல் கொடுக்க வேண்டும், தண்ணீரென்றால் கொதித்து ஆறினதுதான் என்று அதையும் நானே சொன்னேன். பெஞ்சு முழுவதும் என்னையே பார்த்தது. என் தலை கூரையில் முட்டியது.

பிறகு மல்லிகாவின் முறை. மிஸ்ஸி பஞ்சைத் திரித்துக் காதில் இருந்த சீழைப் பக்குவமாக ஒற்றியெடுத்தார். பின் ஒரு சின்ன போத்தலைத் தூக்கிக் காட்டி, "கனட்ட பிந்து தெகாய். தவசட்ட துன் செரயக்" என்றார்.

பிந்து என்றால் சொட்டு, தெகாய் என்றால் இரண்டு. தவசட்ட துன் செரயக் என்றால் நாளைக்கு மூன்று தடவை. (நல்லவேளை, அதைச் சாராயம் என்று எடுத்துக்கொள்ளவில்லை.) மிச்சம் இருந்தது "கன". அதில் என்ன சந்தேகம், கண்தான்! அழுது அழுது பிள்ளையின் கண்ணும் சிவந்துதான் இருந்தது. காதுக்குப் பஞ்சு, கண்ணுக்குச் சொட்டு. கணக்குச் சரி.

"தேருணாத?" புரிந்ததா என்று கேட்டார்.

"ஹரி, ஹரி" என்றேன். சரி, சரி என்று அர்த்தம். பஜனையில் நிற்பவன்போலத் தலையையும் ஆட்டினேன்.

வீட்டில் பார்வதி போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "காதுக்குன்னு போனீங்க, கண்ணுக்கா குடுத்தாங்க? மிஸ்ஸி என்னா சொன்னாங்க, அப்படியே சொல்லுங்க."

"உன்கிட்ட பாடம் ஒப்பிக்கணுமா? உள்ளுக்குள்ள கண்ணும் காதும் ஒரே குழாய்டி. கண்ணுல விட்டா காதுக்கு எறங்கும். மிஸ்ஸி வெளக்கமா சொன்னாங்க."

மிஸ்ஸி அப்படி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் சொன்ன அந்த ஒரே சொல்லை நான் அப்படியே திருப்பிச் சொல்லியிருந்தால் பார்வதி அந்த இடத்திலேயே கண்டுபிடித்திருப்பாள்.

முதல் சொட்டுக்கே பிள்ளை வீறிட்டது. நான் கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "அப்பா, கண்ணு எரியுதுப்பா. நோவுறது இங்கப்பா" என்று தலையைச் சாய்த்துக் காதைத் தோளில் தேய்த்துக் காட்டினாள். "மிஸ்ஸிய விட உனக்குத் தெரியுமா?" என்றேன். இரண்டு நாள், ஆறு வேளை. ஒவ்வொரு வேளையும் திருநீறு பூசிவிட்டுத்தான் ஊற்றினேன். பக்தியில் ஒரு குறையும் வைக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை கண் இரண்டும் வீங்கி மூடிக்கிடந்தன. காது நாறியது. உடம்பு கொதித்தது. பார்வதி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். நான் போத்தலோடு பின்னால் ஓடினேன்.

மிஸ்ஸி முதலில் பிள்ளையின் கண்களை நெடுநேரம் கழுவினார். பார்வதி நடந்ததைச் சிங்களத்தில் சொன்னாள். மிஸ்ஸி எழும்பி வந்து, பெஞ்சு நிறைய ஆட்கள் பார்க்க, என் காதைப் பிடித்துத் திருகினார். "மே கன!" இதுதான் காது. பிறகு என் கண்ணுக்கு நேரே விரலை நீட்டி, "மே எஸ!" இதுதான் கண்.

காலில் துணிக்கட்டோடு முத்தையா தாத்தா அன்றைக்கும் அங்கே இருந்தார். "தம்பி, என் காலு காலுதானே?" என்றார் பயந்துபோய்.

எல்லோரும் சிரித்தார்கள். மிஸ்ஸி சிரிக்கவில்லை. மெதுவாக ஏதோ சொன்னார்.

"அவங்க மேலயும் பிழையாம்" என்றாள் பார்வதி. "புரிஞ்சுதான்னு கேட்டேன், எங்க விடுவேன்னு கேக்காம விட்டுட்டேன்னு சொல்றாங்க."

அன்று முதல் அந்தக் கிளினிக்கில் கிழவரானாலும் கைக்குழந்தைத் தாயானாலும், மருந்து எங்கே, எப்படி என்று தொட்டுக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகலாம். முதலில் தொட்டுக் காட்டியவன் நான். மூன்று தடவை காட்டினேன்.

மல்லிகாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஊசி போட்டார்கள். அம்மன் கிருபையில் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. இடது காது மட்டும் மந்தமாகிப்போனது. "அந்த ரெண்டு நாள் வீணாகாட்டி?" என்று டாக்டரிடம் பார்வதியைக் கேட்கச் சொன்னேன். சொல்ல முடியாது என்றாராம். அதை நினைக்காமல் நான் படுத்த நாள் இல்லை.

பிள்ளையின் கண்ணுக்காக அம்மனுக்கு நேர்ந்தபடி திருவிழாவில் வெள்ளிக் கண்மலர் சாத்தினேன். அடுத்த வருஷம் காதுக்கும் நேர்ந்துகொண்டேன். பார்வதி பக்கத்தில் நின்று, "அம்மாகிட்டயாவது தமிழ்ல கேளுங்க. காதைக் கேட்டு மறுபடியும் கண்ணு வந்துடப்போவுது" என்றாள்.

இப்போது மல்லிகாவுக்கே இரண்டு பிள்ளைகள். வீட்டில் நான் "புரியுது, புரியுது" என்றால் போதும், "தொட்டுக் காட்டுங்கப்பா" என்பாள். பேரப்பிள்ளைகள் உருண்டு சிரிக்கும். ஆனால் யாராவது அவளுடைய இடது பக்கமிருந்து அவளுக்கு முந்தி அந்தக் கேலியைச் சொல்லிவிட்டால், அவளுக்குச் சரியாகக் கேட்காது. திரும்பி, "என்னா?" என்று கேட்டு, இன்னொரு தடவை சொல்ல வைத்து, எல்லோரும் சிரித்து முடிந்த பிறகுதான் சிரிப்பாள். அவள் சிரிக்கும்வரை நான் சிரிப்பதில்லை.

வாசித்தவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். என் முட்டாள்தனத்தைக் குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். கண் என்று எழுதிய இடத்தில் கண், காது என்று எழுதிய இடத்தில் காது. சொல்லி முடித்ததும், கேட்டவரைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.