டூசீட்டரும் ஒரு காரின் மானமும்

கோயமுத்தூரில் காரைக் காதலித்தவர்கள் ஏராளம். காருக்காகத் தாம்பாளம் தூக்கியவர் எனக்குத் தெரிந்து டூசீட்டர் ஒருவர்தான்.

கணபதி பகுதியில் எங்கள் தெருவில் இருந்த அவரை நிஜப்பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். அவரிடம் இருந்தது கூரையில்லாத, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். அதன் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நாளைக் காலையில் என் வீட்டுக்கும் தாம்பாளம் வரும்.

ஊரார் அதை சோப்பு டப்பா என்றார்கள். மெக்கானிக்குகள் அதைக் கண்டால் ஷட்டரை இறக்கினார்கள். டூசீட்டருக்கோ அது உலகம் புரிந்துகொள்ளத் தவறிய ரதம். மழையில் தொப்பலாக நனைந்தால், "காத்தோட்டமான வண்டிங்க" என்பார். மேட்டில் திணறினால், "அவசரப்படாதுங்க, நெதானமான வண்டி" என்பார். நடுரோட்டில் நின்றே போனால், "நம்மளாட்ட அதுக்கும் மூச்சு வாங்குமுல்லீங்க" என்பார்.

அவரும் உடுமலைப்பேட்டைத் தேங்காய் மண்டிக்காரர் ஒருவரும் சேர்ந்து அந்தக் காருக்குச் சங்கம் வைத்திருந்தார்கள். உறுப்பினர்கள் அவ்வளவுதான். மண்டிக்காரரின் கார் மேல் எப்போதும் தேங்காய் குவிந்திருக்கும் என்பதால், சங்கத்தில் ஓடுகிற கார் ஒன்றே ஒன்று.

சங்கத்தின் ஒரே வேலை, காரைப் பழித்தவர்களை நேரில் போய்ப் பார்ப்பது. நல்லதோ கெட்டதோ, நேரில் போய்ச் சொன்னால்தான் மரியாதை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். சண்டைக்கும் அதுவே பொருந்தும் என்று இவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தாம்பாளத்தில் பூ, பழம், மண்டித் தேங்காய். வெறுங்கையோடு போய்ச் சண்டை போடுவது அநாகரிகமாம்.

ஒருநாள், யாரோ போட்ட கார் வீடியோவின் கீழே உடுமலைப் பெண் ஒருத்தி ஊர்பேரோடு எழுதியிருந்தாள்: 'இது காரே இல்லை. வாங்கினவர்களுக்கு என் அனுதாபம்.'

டூசீட்டருக்கு அன்று சோறு இறங்கவில்லை. "நமக்கப்பறம் இந்தக் காருக்காவப் பேச யாருங்க இருக்கா? இதைப் படிக்கறவங்க இதத்தான நம்புவாங்க" என்றார். மண்டிக்காரர் அந்தப் பெண்ணின் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டு அங்கேயே காத்திருந்தார். பத்திரிகையில் எழுதுகிற ஆள் கூட இருந்தால் கெத்து என்று என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு போனார் டூசீட்டர்.

வாசலில் தாம்பாளத்தைப் பார்த்ததுமே பெண்ணின் அம்மா, "வாங்க, வாங்க. புரோக்கரு சொல்லவே இல்லீங்களே" என்று ஜமுக்காளம் விரித்தார். கேசரி வந்தது. கொஞ்ச நேரத்தில் பெண்ணும் பட்டுச்சேலையில் வந்து நின்றாள்.

"மாப்பிள்ளை வரலீங்களா?" என்று கேட்டார் அம்மா.

டூசீட்டர் கேசரியை விழுங்கிவிட்டு, "நாங்க பொண்ணு பாக்க வரலீங்க. அம்மணி நம்ம காரப் பத்தி எழுதிப்போட்டுது. அது ஞாயமான்னு கேக்கலாமுன்னு வந்தமுங்க" என்றார்.

அம்மா கேசரித் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார். பெண் மட்டும் சிரித்தாள். வந்தது மாப்பிள்ளை வீட்டார் இல்லை என்ற நிம்மதி அவள் முகத்தில் நன்றாகவே தெரிந்தது. "ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்க பெரியப்பா. நல்லாருந்தா அழிச்சுப்போடறேன்" என்றாள்.

அமராவதி அணை ரோட்டில் கிளம்பிப் போனார்கள். நானும் மண்டிக்காரரும் அம்மாவின் பார்வையில் வெந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். வெகுநேரம் கழித்துக் கார் சத்தமே இல்லாமல் திரும்பி வந்தது. பெண் பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னாலிருந்து தள்ள, டூசீட்டர் பக்கத்தில் நடந்தபடியே ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டு வந்தார். அன்றைக்கு அவரிடம் விளக்கம் எதுவும் இல்லை. துண்டால் பானெட்டைத் துடைத்துக்கொண்டே நின்றார். எனக்குப் பாவமாக இருந்தது.

அந்தப் பெண் பழையதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதிக் காட்டினாள்: 'கார் பாதி வழியில் நின்றுவிட்டது. ஓட்டியவர் தங்கமான மனிதர்.'

டூசீட்டர் அதை இரண்டு தடவை படித்தார். "என்னையப் பத்தி யாரு கண்ணு கேட்டா?" என்றார்.

நான் என் போனை எடுத்து, அதன் கீழே 'காரும் தங்கமான கார்தான்' என்று எழுதி அவரிடம் நீட்டினேன். இத்தனை வருடத்தில் பத்திரிகைகளில் எத்தனையோ உண்மைகளை எழுதியிருக்கிறேன். அந்தப் பொய்யை எழுதியபோது இருந்த நிறைவு வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை.