யாருக்கு டெஸ்ட் என்று தீர்மானிப்பவர்

குடும்பத்தில் யாருக்கு எந்த நோய் வரலாம், யாருக்கு வரக்கூடாது என்று முடிவு செய்கிறவர் ஒருவர் இருக்கிறார். நீங்கள் அவரைப் பார்த்திருப்பீர்கள். மருத்துவம் படித்தவர் அல்ல. கல்யாணப் பேச்சில் முன்வரிசையில் உட்காருகிறவர். கள்ளக்குறிச்சியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அக்பர் அலியையே எடுத்துக்கொள்வோம்.

அவருடைய அக்கா கமர் ஜஹானுக்கு மார்பகப் புற்றுநோய். இது பரம்பரையாக வரும் மரபணுக் கோளாறு என்று டெஸ்டில் தெரிந்தது. ரத்த சொந்தங்களும் டெஸ்ட் எடுத்தால் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டரம்மா. அக்பர் அலி காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் பெயர்களை எழுதினார். எழுதியது அடிப்பதற்குத்தான். தன் மகள் ஃபரீனுக்குத் தியாகதுருகத்தில் மாப்பிள்ளை பேசியிருக்கிறது. அவள் பெயரை அடித்தார். அக்கா மகள் கட்டிக்கொடுத்த பெண், இனி அந்த வீட்டுக் கவலை, அவளையும் அடித்தார். தன் பெயரை எழுதவே இல்லை. ஆம்பளைக்கு எதற்கு இதெல்லாம்?

மிச்சம் மனைவி ருக்ஷானா. கல்யாணமாகி முப்பது வருஷம், இனி யாரும் பெண் பார்க்க வரப்போவதில்லை. டெஸ்டுக்கு இதைவிட என்ன தகுதி வேண்டும்?

"ஏங்க, நோவு உங்க அக்காவுக்கு. நான் திருக்கோவிலூர்லேந்து வந்தவ."

"குடும்பத்துக்கு ஒருத்தர் குடுத்தா போதும். வா."

டாக்டரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இவங்க உங்களுக்கு ரத்த சொந்தமா?"

"இல்லீங்க, வூட்டுக்காரம்மா."

"அப்ப இவங்க வேணாம், நீங்க குடுங்க. இது ஆம்பளைங்க வழியாவும் பொண்ணுங்களுக்குப் போவும். வூட்ல வேற யாருக்காச்சும் இருந்துச்சா?"

"இல்லீங்க. அத்தை ஒருத்தவங்க முப்பத்தெட்டு வயசுல மவுத்தா போனாங்க. அது காமாலை."

"மார்ல கட்டின்னுதான் உங்க அம்மா சொல்வாங்க" என்றார் ருக்ஷானா.

அக்பர் அலி குரலைத் தாழ்த்தினார். "அப்ப அக்காவுக்கு மாப்பிள்ளை பாத்துக்கினு இருந்தாங்க. அதான் காமாலைன்னு சொல்லிட்டாங்க."

மாப்பிள்ளை கிடைத்தார், குறை சொல்ல முடியாது. ஆனால் ஐம்பத்தேழு வயதில் நோய் தெரியும் வரை, உடம்பைக் கவனி என்று அக்காவிடம் யாருமே சொல்லவில்லை. எனக்கு இதை எழுதும்போதுகூடக் கோபம் வருகிறது.

அக்பர் அலி ரத்தம் கொடுத்தார். அவரிடமும் அதே கோளாறு இருந்தது. ரிசல்ட்டை மடித்துக் கல்லாவுக்குள் வைத்துவிட்டு, ஃபரீன் நிக்காஹ் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று தீர்மானித்தார். தீர்மானிப்பது அவருக்குப் பழக்கம்.

கடைக்கு வந்த ஃபரீன் கல்லாவைத் திறந்து அதைப் படித்தாள்.

"எனக்கு இன்னா வந்துச்சுன்னு ஊருக்குச் சொல்லப் போறீங்க அத்தா? காமாலையா?"

கேட்டுவிட்டு, டாக்டரம்மாவைப் பார்க்கத் தாளோடு பஸ் ஏறிவிட்டாள்.

அக்பர் அலியைப் பார்த்து நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம். சிரித்து முடித்ததும் ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டில் காமாலையில் போனவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். கேட்க வேண்டாம், மகளுக்கு வரன் பார்க்கிற நேரம் என்று தோன்றுகிறதா?