இன்னும் ஒரு பள்ளியைப் பார்த்துவிடுவோம்

பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தருகிறேன் என்று உட்கார்ந்து, பிள்ளையிடம் கணக்குக் கற்றுக்கொண்டு எழுந்திருக்கும் அப்பாவை உங்களுக்குத் தெரியும். மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போடுகிற அன்று மட்டும் "நீ இப்ப எந்த கிளாஸ்?" என்று விசாரிக்கும் அப்பாவையும் தெரியும். இவர்கள் பழைய இனம், சாதுக்கள். நான் சொல்ல வந்தது சமீபத்தில் பெருகியிருக்கும் ஒரு புது இனத்தைப் பற்றி. ஆன்லைன் பள்ளி தேடும் அப்பா. இவரை முகத்தை வைத்து அடையாளம் காண முடியாது, ஏனென்றால் முகம் எந்நேரமும் ஒரு திரைக்குப் பின்னால் இருக்கும். குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். "இன்னும் ஒண்ணே ஒண்ணு பார்த்துடலாம்" என்று கேட்டால் ஆசாமி அவர்தான். இவரைப் பற்றி உனக்கு எப்படி இத்தனை விவரம் தெரியும் என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள்.

பொதுவாகப் பேசினால் யாருக்கும் உறைக்காது. ஒருவரைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைப்போம். இவர் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். மனைவி பாலம் கட்டும் பொறியாளர். ஒரு பாலம் முடிந்தால் அடுத்த பாலம் எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊருக்குக் குடும்பம் மூட்டை கட்டும். அவருக்கு அதில் சங்கடம் இல்லை, எந்த ஊரிலும் மனிதர்களுக்குக் கண் மங்கத்தானே செய்கிறது? போன மறுவாரமே ஏதாவது ஒரு கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்துவிடும். சங்கடமெல்லாம் மகளுக்குத்தான். ஒவ்வோர் ஊரிலும் புதுப் பள்ளி, புதுச் சீருடை, வகுப்பின் முன்னால் நின்று "நான் இன்னார்" என்று சொல்லும் அந்தப் பாழாய்ப்போன முதல் நாள். பழகி, சண்டை போட்டு, சமாதானமாகி, ஒருத்தி உயிர்த்தோழி ஆகும் நேரம் பார்த்துப் பாலம் முடிந்துவிடும்.

இந்த முறை ஊர் மாறியதும், ஏழாம் வகுப்புக்குப் போக வேண்டிய மகள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நாம எங்க போனாலும் கூடவே வர்ற ஸ்கூலா பாருங்கப்பா."

நியாயமான ஆசைதானே? அவருக்கும் அப்படித்தான் பட்டது. பட்டதும் கணினியைத் திறந்தார். அன்றைக்குத் திறந்ததுதான், இன்னும் மூடியபாடில்லை.

இந்த இனம் பள்ளியைத் தேடும் முன் பள்ளிக்கு வேண்டிய சாமான்களைத் தேடும். முதுகு வளையாத நாற்காலி வந்தது, கண் கூசாத விளக்கு வந்தது, வெளிச்சத்தம் கேட்காத ஹெட்போன் வந்தது. வகுப்பு மட்டும் வரவில்லை. மகள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அந்த விளக்கின் கீழ், அந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரில் உள்ள பிள்ளைகளெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு போவதை ஜன்னல் வழியாக எண்ணிக்கொண்டிருந்தாள் என்றும் சொல்லலாம்.

தேடலுக்கென்று ஒரு முறை இருக்கிறது. பள்ளியின் தளத்தில் நூறு பெற்றோர் வாயாரப் புகழ்ந்திருந்தால் அவர் நம்ப மாட்டார். எல்லாம் சொல்லி வைத்து எழுதியது என்பார். நூற்றியோராவதாக ஒரு புண்ணியவான், பாடத்தின் நடுவே ஆசிரியர் தும்மினார் என்று குறைப்பட்டு எழுதியிருந்தால், அதைத்தான் மனைவிக்குப் படித்துக் காட்டுவார். பிறகு விளக்கக் கூட்டங்கள். பள்ளியின் சார்பில் பேசும் பெண்மணி, கேள்வி இருந்தால் கேட்கலாம் என்று ஒரு மரியாதைக்குச் சொல்வார். மற்ற பெற்றோர் அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தவர்கள், பேசாமல் இருப்பார்கள். நம்மவர் தொண்டையைச் செருமுவார். கேமராவை அணைத்துவிட்டால் பிள்ளை வகுப்பில் இருக்கிறதா தூங்குகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? மின்சாரம் போனால் பாடம் காத்திருக்குமா? திரையில் பலகை இந்தத் தூரத்தில் இருந்தால் எழுத்து என்ன அளவு இருக்கும்? கடைசிக் கேள்வி தொழில் பக்தியில் வருவது. அந்தப் பெண்மணி கூட்டம் முடியும்போது தண்ணீர் குடிக்கும் விதத்தைப் பார்த்தால் நமக்கே பாவமாக இருக்கும்.

போதாக்குறைக்கு, இப்படித் தேடும் பெற்றோர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு. அதில் எல்லாரையும் விட அதிகம் விஷயம் தெரிந்தவர் என்று பெயரெடுத்த ஒரு பெரியவர் இருக்கிறார். அவருடைய மகன் பள்ளிப் படிப்பையே முடித்துக் கல்லூரிக்குப் போய்விட்டான். அவர் இன்னும் ஆறாம் வகுப்புக்கு எந்தப் பள்ளி நல்லது என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். நம்மவருக்கு அவர்மேல் அளவுகடந்த மரியாதை.

இதில் வேடிக்கை என்னவென்றால், கடையில் இவர் இப்படிக் கிடையாது. கண் பரிசோதிக்கும் இரும்புச் சட்டத்தை வந்தவர் மூக்கில் மாட்டி, அதில் வில்லையை மாற்றி மாற்றிச் செருகி, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பார். யாராவது இழுத்தால் பொறுமை போய்விடும். "யோசிக்காதீங்க, பட்டுனு சொல்லுங்க" என்று அதட்டுவார். பிரேம் எடுக்க வந்து, ஒவ்வொன்றாக மாட்டி, கண்ணாடியில் இடம் வலம் பார்த்து, "இன்னொண்ணு காட்டுங்களேன்" என்று நிற்பவர்களைப் பற்றி வீட்டுக்கு வந்து மனைவியிடம் வயிறெரிந்து சொல்வார். மனைவி கேட்டுக்கொண்டிருப்பாள். ஆற்றின் நடுவில் தூண் எங்கே நிற்க வேண்டும் என்று மதிய உணவுக்குள் முடிவுசெய்கிறவள் அவள்.

மாதிரி வகுப்புகளுக்கு மகளோடு அவரும் உட்கார்ந்தார். கேமராவில் விழாமல் ஓரமாகத்தான். ஆனால் ஆர்வம் அதிகமானால் மூக்கு மட்டும் உள்ளே வந்துவிடும். மகள் யோசிப்பதற்குள் பதிலைக் கிசுகிசுப்பார். ஒரு வகுப்பில் ஆசிரியர், பக்கத்தில் இருக்கும் பெரியவரும் கையைத் தூக்கிவிட்டுப் பேசலாம் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். வகுப்பு முழுக்கச் சிரித்தது. மகள் நாற்காலிக்குள் அப்படியே சுருங்கிப் போனாள். இத்தனைக்கும் இவர் எல்லாப் பள்ளியிடமும் கேட்கும் முதல் கேள்வி என்ன தெரியுமா? "பிள்ளை சொந்தக் காலில் நிற்க என்ன செய்வீங்க?"

இப்படிப் பார்த்ததில் ஒரு பள்ளி மகளுக்குப் பிடித்துப்போனது. சின்னப் பள்ளிதான். அதன் மாதிரி வகுப்பு நடந்த அன்று கடையில் கூட்டம், அவர் வரவில்லை. மகள் தனியாக உட்கார்ந்தாள். வகுப்பு முடிந்ததும் ஆசிரியை போய்விட்டார், ஆனால் பிள்ளைகள் பேசிக்கொண்டிருக்கட்டும் என்று அறையைத் திறந்தே விட்டுப் போனார். எங்கோ ஓர் ஊரிலிருந்து, முன்பல்லில் கம்பி கட்டிய ஒரு பெண் தன் பூனையைத் தூக்கிக் காட்டினாள். இன்னொரு பையன் தன் பூனை அதைவிடக் குண்டு என்றான். கடைசியில் கம்பிப் பல்லுக்காரி கேட்டாள், "நாளைக்கும் வருவியா?"

மகள் அன்று அப்பா வரும்வரை வாசலிலேயே நின்றாள். செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டாள். "அப்பா, இதுவே போதும்பா. வேற பார்க்க வேண்டாம்."

கேட்டவருக்குக் கண் கலங்கியது உண்மை. கலங்கிய கண்ணோடு அவர் சொன்னது இது: "நல்லா இருக்கும்மா. இன்னும் ஒண்ணே ஒண்ணு பார்த்துட்டு முடிவு பண்ணிடலாம்."

அந்தப் பள்ளியில் சேரும் முன் பிள்ளையின் நிலை அறிய ஒரு சின்னத் தேர்வு உண்டு. மகளின் பெயரில் அதைத் திறக்கும் இணைப்பை அனுப்பியிருந்தார்கள். விடுமுறை நாள் ஒன்றில் மகள் கீழே சைக்கிள் ஓட்டப் போயிருந்தாள். மனைவி பாலத்தில். நம்மவர் கணினி முன் தனியாக. கேள்விகளின் தரம் எப்படி என்று சும்மா எட்டிப் பார்க்கலாமே என்று தோன்றியது. எட்டிப் பார்த்தார். பார்த்தவர் முதல் கேள்விக்குப் பதிலும் எழுதினார். ஒன்றை எழுதிவிட்டு மற்றதை வெறுமையாக விட்டால் பிள்ளையின் பெயர் கெட்டுவிடாதா? எல்லாவற்றையும் எழுதினார். பின்னக் கணக்கில் கொஞ்சம் வியர்த்தது. கேள்வியைப் பாதி படித்ததுமே விடை தெரிந்துவிட்டதால் மீதியைப் படிக்கவில்லை. ஒரு கேள்வி சரியாக அமைக்கப்படவில்லை என்று பட்டதால், விடைக்குப் பதில் அதை எப்படித் திருத்தலாம் என்று எழுதினார். எழுதி முடித்துத் தரம் பரவாயில்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, கடைசிப் பொத்தானை அழுத்திவிட்டு எழுந்தார். அது என்ன பொத்தான் என்று படிக்கவில்லை.

சில நாள் கழித்துத் தலைமை ஆசிரியை திரையில் வந்தார். குடும்பத்தோடு பேச வேண்டும் என்று கேட்டிருந்தார். சாப்பாட்டு மேசையில் மூவரும் உட்கார்ந்தார்கள். அம்மையார் மென்மையாக ஆரம்பித்தார். பிள்ளை கெட்டிக்காரி, மொழி வயதுக்கு மீறிய மொழி, ஆனால் பின்னங்கள் பலவீனம், பொறுமை போதாது. அடிக்கடி பள்ளி மாறியதில் அடிப்படை விட்டுப்போயிருக்கலாம். ஆகவே ஐந்தாம் வகுப்பில் சேர்த்தால் நிதானமாகப் பழகிக்கொள்வாள் என்றார்.

மகளின் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. பூனைக்காரி ஏழாம் வகுப்பில் இருக்கிறாள்.

"மிஸ்," என்றாள், அழுகையை அடக்கிக்கொண்டு. "நான் அந்தத் தேர்வை எழுதவே இல்லையே."

"அப்போ எழுதினது யாரும்மா?"

மனைவியின் தலை மெதுவாகத் திரும்பியது. பாலத்தில் விரிசல் விட்ட இடத்தைப் பார்க்கும் பார்வை. நம்மவர் மேசைவிரிப்பின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார். தப்பிக்க ஒரு வழி இருந்தது, பேசாமல் இருந்துவிடலாம். ஆனால் மகளின் கை மேசையின் விளிம்பைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தார்.

"நான்தாங்க," என்றார். "தரம் எப்படி இருக்குன்னு சும்மா பார்த்தேன்."

தலைமை ஆசிரியை கையிலிருந்த தாளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார்.

"நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

"கண் பரிசோதனை பண்றேன்."

"அப்படியா. கேள்வியைக் கடைசி வரைக்கும் படிக்கலை, ஒருவேளை பார்வையில குறை இருக்கலாம், ஒரு தடவை கண்ணைப் பரிசோதிச்சுப் பார்க்கணும்னு இதுல குறிச்சு வெச்சிருந்தேன்."

மனைவி சிரிப்பை அடக்க எழுந்து சமையலறைக்குப் போனாள். அடக்க முடியவில்லை என்பது இங்கே கேட்டது.

அம்மையார் நல்ல மனுஷி. பிள்ளை தானே தேர்வெழுதட்டும், ஏழாம் வகுப்பில் இன்னும் இடம் இருக்கிறது, ஆனால் வகுப்பு தொடங்கப்போகிறது, சேர்வதா இல்லையா என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுத் திரையிலிருந்து போனார். அசடு வழிய உட்கார்ந்திருந்த மனிதர் என்ன சொல்லியிருப்பார் என்று நினைக்கிறீர்கள்? நீங்கள் நினைத்ததுதான். "நம்ம குறையையே கண்டுபிடிச்சிட்டாங்கன்னா தேர்வு தரமாத்தான் இருக்கு. ஆனா இன்னொரு ஸ்கூல்ல நாளைக்கு ஒரு கூட்டம்…"

மகள் எழுந்து போனாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்று நினைத்தார். போனவள் அவருடைய கடைப் பையைத் திறந்து இரும்புச் சட்டத்தை எடுத்து வந்தாள். அவர் மூக்கில் மாட்டினாள். காதில் கம்பியைச் சரிசெய்தாள். கணினியில் அந்தச் சின்னப் பள்ளியின் பக்கத்தைக் காட்டினாள். பிறகு அவர் திறந்து வைத்திருந்த மற்றப் பள்ளிகள் அத்தனையையும் காட்டினாள்.

"இது தெளிவா, அது தெளிவா?" என்றாள். "யோசிக்காதீங்க. பட்டுனு சொல்லுங்க."

அந்தச் சட்டத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது எப்படியிருக்கும் என்று இத்தனை வருஷத்தில் அவர் நினைத்துப் பார்த்ததில்லை. பயமாக இருந்தது. தப்பாகச் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்ற பயம். இந்தப் பிள்ளையை ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போய், அவள் சேர்த்த சிநேகத்தையெல்லாம் ஒவ்வோர் ஊரிலும் விட்டுவிட்டு வரச் செய்ததில் அவருக்கும் பங்கு உண்டு. இந்த ஒன்றிலாவது தப்புச் செய்யக் கூடாது என்றுதான் இவ்வளவு நாளும் தேடிக்கொண்டிருந்தார். தேடிய நாளெல்லாம் அவள் தனியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"தப்பா சொன்னாலும் பரவாயில்லைப்பா," என்றாள் மகள். "மாத்திப் போட்டுக்கலாம்." அதுவும் அவர் கடையில் சொல்வதுதான்.

"இது," என்றார்.

மகள் அன்று சாயங்காலமே தேர்வெழுதினாள். அப்பாவை அறைக்கு வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினாள். ஏழாம் வகுப்பு என்று பதில் வந்தது. கேள்விகளைக் கடைசி வரை படித்திருக்கிறாள் என்று ஒரு குறிப்பும் இருந்ததாகக் கேள்வி. இப்போது தினமும் காலையில் அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து பிள்ளைகளின் சத்தம் கேட்கிறது, நடுநடுவே ஒரு பூனையின் சத்தமும். அப்பா கடைக்குக் கிளம்பும் முன் கொஞ்ச நேரம் அங்கே நின்றுவிட்டுப் போகிறார். கடையில் யாராவது இழுத்தால் முன்போல அதட்டுவதில்லை. திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்களா? நேற்று ஒரு விளக்கக் கூட்டத்தில் தொண்டையைச் செருமினார். கேட்டால், இது எட்டாம் வகுப்புக்கு என்கிறார்.

சரி, ஊரான் கதை போதும். உங்களுக்கு ஒரு சின்னச் சோதனை வைக்கிறேன். இதைப் படித்துக்கொண்டு வரும்போது, அந்தச் சின்னப் பள்ளியின் பெயர் என்ன, சொல்லாமல் விட்டுவிட்டானே, தெரிந்தால் நம் பிள்ளைக்கும் ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று எங்கேயாவது தோன்றியதா? தோன்றியிருந்தால் தப்பில்லை, இப்படி வந்து உட்காருங்கள். நாற்காலி இன்னும் சூடாகத்தான் இருக்கிறது, இப்போதுதான் நான் எழுந்தேன்.