வீட்டைச் சேராதவர்களுக்கான சார்ஜர்

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். முழங்கால் மட்டும் என்னோடு ஒத்துழைக்காமல் தனிக் குடித்தனம் நடத்துகிறது. உங்கள் அத்தையும் நலமாகத்தான் இருக்கிறாள் என்று நினைக்கிறேன். நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலையில் நான் இல்லை; காரணம் பின்னால் வருகிறது. அங்கே நீங்களும் என் மகளும் நலமாக இருக்க வேண்டும். போனில் பேசலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். மகள் என் போனை எடுப்பதில்லை. நீங்கள் எடுத்தாலோ, "கவலைப்படாதீங்க மாமா, பாத்துக்கலாம்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வருவதில்லை. பக்கத்தில் அவள் முறைத்துக்கொண்டு நிற்கிறாள் என்பது எனக்குத் தெரியாதா? அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்துவிட்டு நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

நீங்கள் மின்சாரக் கார் வாங்கிய நாளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நல்ல கார், சத்தம் இல்லை, புகை இல்லை, நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதில் நீங்கள் இருவரும் எங்கள் வீட்டுக்கு வருவது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். மத்தியானம் வருவீர்கள். சாப்பிடும்போதே உங்கள் ஒரு கண் தட்டிலும் இன்னொரு கண் போனிலும் இருக்கும். "நாப்பது பெர்சென்ட்தான் மாமா இருக்கு, இப்பக் கிளம்பினாத்தான் வழியில போட்டுக்க முடியும்" என்பீர்கள். என் மகள் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். அந்தக் கார் வந்த பிறகு அவள் இந்த வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தூங்கியதில்லை. அவள் அறையில் தையல் மெஷின் குடியேறிவிட்டது. உங்கள் அத்தையோ, கார் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நிற்பாள், பிறகு உள்ளே வந்து பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவுவாள்.

இப்படி இருக்கும்போதுதான் கரண்ட் பில்லோடு ஒரு வண்ணக் காகிதம் வந்தது. வீட்டில் கார் சார்ஜர் பொருத்தினால் அரசாங்கம் ஒரு பங்கு மானியம் தரும், கரண்ட் கம்பெனி ஒரு பங்கு தரும், மிச்சத்தை நாம் போட்டால் போதும் என்று அதில் இருந்தது. உங்கள் அத்தையிடம் காட்டினேன். "வீட்ல இருக்கறது ஒரு சைக்கிள். அதுலயும் காத்து இல்ல. அதுக்கு எதுக்குங்க சார்ஜரு?" என்றாள். "மாப்பிள்ளை கார் இங்க ராத்திரி பூரா நின்னு சார்ஜ் ஏறுமே" என்றேன். கரண்டியைக் கீழே வைத்தாள். "ராத்திரி பூராவா?" என்றாள். மறுநாளே தையல் மெஷினை நகர்த்த ஆள் தேட ஆரம்பித்துவிட்டாள். எலெக்ட்ரீஷியன் வந்து, வேகமான சார்ஜர் இருக்கிறது, இரண்டு மூன்று மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும் என்று ஆசை காட்டினார். நான் பிடிகொடுக்கவில்லை. "இருக்கறதுலயே மெதுவானது எது?" என்று கேட்டேன். அவருடைய அனுபவத்தில் அப்படிக் கேட்ட முதல் ஆள் நான்தானாம். இதை நீங்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மானியம் வாங்குவது அவ்வளவு சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். பொருத்துவதற்கு முன்னால் விண்ணப்பித்தால்தான் உண்டு என்றது கரண்ட் கம்பெனி. பொருத்தி முடித்த பிறகு, கார் சார்ஜ் ஏறுகிற போட்டோவோடு வந்தால்தான் உண்டு என்றது அரசாங்கம். முன்னால் ஒரு விண்ணப்பம் போட்டேன், பின்னால் ஒரு விண்ணப்பம் போட்டேன். போட்டோவுக்குக் கார் வேண்டுமே! வெறும் சார்ஜரைப் படம் எடுத்து அனுப்பினேன், வாகனம் தெரியவில்லை என்று திருப்பிவிட்டார்கள். இன்னொன்று எடுத்து அனுப்பினேன். அதில் ஓரமாக என் சைக்கிள் நின்றது நான் கவனிக்கவில்லை. இந்த வாகனம் திட்டத்தில் அடங்காது என்று பதில் வந்தது. கடைசியில் எதிர்வீட்டுப் பல் டாக்டர் தன் மின்சாரக் காரைக் கொஞ்ச நேரம் கொடுத்தார். அதற்கு நன்றிக்கடனாக அவரிடம் ஒரு பல்லைப் பிடுங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. அது நல்ல பல்தானோ என்று இன்றும் எனக்குச் சந்தேகம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கரண்ட் கம்பெனி கவுண்டரிலேயே கொடுக்க வேண்டிய அரசாங்க விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது: "வீட்டைச் சேராதவர்கள் இந்தச் சார்ஜரைப் பயன்படுத்துவார்களா?" ஆம் என்றால் மானியம் கொஞ்சம் கூடுதல். மாப்பிள்ளை, நான் வேலை பார்த்த காலமெல்லாம் லிஃப்ட் பரிசோதித்தவன். சொன்ன எடை முழுவதையும் மணல் மூட்டையாக ஏற்றி, மேலும் கீழும் ஓட்டிப் பார்க்காமல் எந்த லிஃப்டுக்கும் நான் கையெழுத்துப் போட்டது கிடையாது. கட்டிடக்காரர்கள் கெஞ்சுவார்கள், மிரட்டுவார்கள், ஒன்றும் நடக்காது. அப்பேர்ப்பட்டவன் கேள்வியைப் படிக்காமல் டிக் போடுவேனா? வீட்டைச் சேர்ந்தவர் என்றால் யார் என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தது: மாதத்தில் பாதி இரவுகளாவது அந்த வீட்டில் தூங்குகிறவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். சார்ஜரைப் பயன்படுத்தப் போகிறவர்கள் நீங்களும் என் மகளும். நீங்கள் இங்கே பாதி இரவு என்ன, ஒரு இரவுகூடத் தூங்குவதில்லை. அப்படியானால் பதில் என்ன? ஆம் என்று டிக் போட்டேன்.

அடுத்த வாரம் காலையில் பல் தேய்த்துக்கொண்டு வாசலுக்கு வந்தால், கேட்டை ஒட்டி ஒரு கூரியர் வேன் நிற்கிறது. அதை ஓட்டி வந்த பெண்மணி, "சார், ஒரு பாயின்ட்தானா? மேப்ல ரெண்டுன்னு போட்டிருக்கே?" என்றார். எந்த மேப் என்று கேட்டேன். போனைக் காட்டினார். நம் வீடு, மாப்பிள்ளை, நம் வீடு! அதன் மேல் பச்சையாக ஒரு மின்னல் குறி. வீட்டைச் சேராதவர்கள் என்றால் ஊரில் உள்ள அத்தனை பேரும் என்று அவர்கள் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அன்றைக்கு ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்து ஒரு நர்ஸம்மா வருவார், சார்ஜில் போட்டுவிட்டு நம் சோபாவிலேயே தூங்கிப்போவார். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் ஒருவர் வருவார், அவரிடம் கற்றுக்கொள்கிற வங்கி அதிகாரி ரிவர்ஸ் எடுத்து உங்கள் அத்தையின் ரோஜாத் தொட்டியைத் தூள் தூளாக்கினார். நான் வாங்கியதோ மெதுவான சார்ஜர். வந்தவர் எவரும் லேசில் கிளம்ப முடியாது. சும்மா உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு டீ கொடுக்காமல் இருக்க முடியுமா? மேப்பிலேயே யாரோ நமக்கு நட்சத்திரம் கொடுத்து எழுதியிருக்கிறார்கள்: "சார்ஜ் மெதுவாக ஏறுகிறது. டீ அருமை. ஐயா லிஃப்ட் பற்றிப் பேசுவார், ஹெட்போன் எடுத்துச் செல்லவும்."

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பிறகுதான் கரண்ட் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்து, "வீட்டைச் சேராதவர்களும் பயன்படுத்தலாம்" என்ற போர்டைக் கேட்டில் மாட்டினாள். உங்கள் அத்தை அதைப் படித்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"இத யாரு கேட்டா?"

"நான்தான் டிக் போட்டேன்."

"யாரை நெனச்சுப் போட்டீங்க?"

நான் என்ன செய்திருக்க வேண்டும்? வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். ஆனால் விதியை விளக்குவது என் தொழிலாக இருந்துவிட்டதே. "நம்ம பொண்ணையும் மாப்பிள்ளையையும்தான். ரூல்படி அவங்க வெளியாளுங்க" என்று பொடி எழுத்தையும் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். "உங்கப்பா உன்னை வெளியாளுன்னு கவர்மென்டுக்கே எழுதிக் குடுத்துட்டாருடி" என்று அவள் சொன்னது தெரு முழுக்கக் கேட்டிருக்கும். அதற்கு என் மகள், "சரிம்மா, வெளியாளாவே இருந்துக்கறேன். நாங்க வழியிலயே சார்ஜ் போட்டுக்கறோம்" என்றாளாம். விடுமுறைக்கு நீங்கள் வரவில்லை. போட்டு வைத்த மெத்தை அப்படியே கிடக்கிறது.

அன்றிலிருந்து உங்கள் அத்தை என்னோடு நேரில் பேசுவதில்லை. எல்லாம் நர்ஸம்மா மூலமாகத்தான். "நர்ஸம்மா, சாப்பாடு மேஜையில இருக்குன்னு ஐயாகிட்டச் சொல்லுங்க" என்பாள். நான் அடுத்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பேன். அந்தம்மா பாவம், தூக்கக் கலக்கத்தில் இரண்டு பக்கமும் தலையாட்டுவார்.

மாப்பிள்ளை, நான் தப்பு செய்யவில்லை. கேள்வி கேட்டார்கள், உண்மையைச் சொன்னேன். டிக்கை மாற்று என்று உங்கள் அத்தை ஒற்றைக் காலில் நிற்கிறாள். கொடுத்த பதிலை இடையில் மாற்றினால், கூடுதல் தொகை மட்டுமல்ல, அரசாங்கத்தின் மானியம் முழுவதும் போய்விடும். அது பெரிசில்லை, பொய்யான பதிலுக்குக் கீழே என் கையெழுத்து இருக்கக் கூடாது, அதுதான் பெரிசு. நான் மாற்றுவதாக இல்லை. நீங்கள் படித்தவர், பொறுமைசாலி. வெளியாள் என்பது விண்ணப்பத்துக்காக மட்டும்தான், வீட்டுக்குள் அந்தப் பேச்சே கிடையாது என்று அவளுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டியது உங்கள் பொறுப்பு.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், நினைத்த இடத்துக்கு நினைத்த நேரத்தில் போய்ச்சேரும் அளவுக்குச் சார்ஜோடு, நீண்ட காலம் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். உங்கள் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் என் வணக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் போடத்தான் கிளம்பினேன். போகிற வழியில் கரண்ட் கம்பெனி இருக்கிறது. கால் அங்கே திரும்பிவிட்டது. முழங்கால் என் பேச்சைக் கேட்பதில்லை என்று மேலேயே எழுதியிருக்கிறேன். டிக்கை மாற்ற வேண்டும் என்றேன். கவுண்டரில் இருந்த பெண், "அப்ப அரசாங்க மானியம் திரும்பப் போயிடும், பரவாயில்லையா சார்?" என்றாள். போகட்டும் என்றேன். "வீட்ல எத்தனை பேர்?" என்றாள். நாலு பேர் என்றேன். "நாலு பேரும் மாசத்துல பாதி ராத்திரியாவது அங்க தூங்குவாங்களா?" என்றாள். தூங்குவாங்க என்று சொல்லி, நாலு பெயரையும் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து சொன்னேன். உங்கள் அத்தை நேராக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்: "நாலுன்னா நர்ஸம்மா எங்கங்க போவாங்க?" உடனே கரண்ட் கம்பெனிக்குப் போன் போட்டு நர்ஸம்மாவையும் கூரியர் பெண்மணியையும் வீட்டு ஆட்களாகச் சேர்த்துவிட்டாள். டிரைவிங் மாஸ்டரும் கேட்டிருக்கிறார். புதுத் தொட்டி வந்த பிறகு பரிசீலிக்கப்படும். ஆறு பேர் நிஜமாகவே இங்கே தூங்குகிறார்களா என்று பார்க்க வருகிற சனிக்கிழமை காலையில் ஓர் அதிகாரி வருகிறாராம். மற்ற இரண்டு பேரைப் பற்றி என்ன சொல்வது என்று நான் பார்த்துக்கொள்கிறேன். பட்டியலில் முதல் பெயர் என் மகளுடையது, அதில் தப்பு வரக் கூடாது. வெள்ளிக்கிழமையே கிளம்பி, பேட்டரி காலியாக வந்து சேருங்கள். இந்தக் கடிதம் உங்கள் பெயருக்கு வந்தாலும் அவள்தான் முதலில் பிரிப்பாள் என்று எனக்குத் தெரியும், அதனால் அவளுக்கே சொல்கிறேன்: அம்மா, உங்கப்பா நான் வாழ்நாளில் முதல் தடவையாக ஓட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இதற்கு மணல் மூட்டை செல்லாது, நீதான் வரணும்.