வயலில் இறங்கிய விமானமும் சனிக்கிழமைப் பயணமும்

மரியாதைக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் உங்கள் தங்கையும் நலம். அங்கு உங்கள் இடது கண்ணும், அதற்குத் துணையாக இருக்கும் வலது கண்ணும் நலமாக இருக்க வேண்டுகிறேன். கட்டு அவிழ்த்தாகிவிட்டதா? இல்லையென்றால் இந்தக் கடிதத்தை யாரையாவது படித்துக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் மனைவியிடம் மட்டும் கொடுக்க வேண்டாம். அவர் சிரிக்க ஆரம்பித்தால் கடிதத்தில் பாதிதான் உங்கள் காதுக்கு வந்து சேரும்.

சனிக்கிழமை நீங்கள் டிரைவரோடு காரில் வந்து உங்கள் தங்கையை அழைத்துப் போகப்போவதாகக் கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டேன் என்றால், அடுத்த அறையில் நின்று எனக்குக் கேட்கும்படியாக அவள் உங்களிடம் போனில் பேசினாள். "ஒரு மாசமோ ரெண்டு மாசமோ, அவர் அந்த ஏரோப்ளேனை விட்டு இறங்குற வரைக்கும் நான் உங்க வீட்லதான் இருக்கப்போறேண்ணா" என்றாள். தயவுசெய்து வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏன் வேண்டாம் என்பதை முதலிலிருந்து சொல்கிறேன். பூகோளம் நடத்தியவன் நான். பூமி உருண்டை என்பதிலிருந்து தொடங்கினால்தான் எனக்குப் பேச்சே வரும்.

என் கணினியில் விமானம் ஓட்டும் சிமுலேட்டர் இருப்பது உங்களுக்குத் தெரியும். போன முறை வந்தபோது நீங்களே ஓட்டி, ஒரு பாலத்தில் மோதிவிட்டு, பாலத்தைக் குறை சொன்னீர்கள். அதோடு கூடவே வரும் விமானங்கள் பள்ளியில் தரும் பாடநூல் மாதிரி. எல்லாம் இருக்கும், எல்லாம் மேலோட்டமாக இருக்கும். நாமாகத் தனியே வாங்கிச் சேர்க்கிற விமானமோ, பாடம் நன்றாகத் தெரிந்த ஒருவர் மெனக்கெட்டு உட்கார்ந்து எழுதிய நோட்ஸ் மாதிரி. அதில் ஒவ்வொரு சுவிட்சும் வேலை செய்யும். கண்டபடி ஓட்டினால் என்ஜின் கெடும். கெட்டதை மறுநாளும் ஞாபகம் வைத்திருக்கும். இந்த ஒரு குணத்தில் அது உங்கள் தங்கையைப் போல. அப்படி ஒரு விமானத்தை, இறக்கைகளில் இரண்டு விசிறியும் முன்னால் இரண்டு விமானிகளும் கொண்ட ஒரு பயணிகள் விமானத்தை, உங்கள் கண் அறுவைக்கு முந்தின நாள் மாலை வாங்கினேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் உங்களைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வருவதாக ஏற்பாடு. உங்கள் தங்கை உங்களுக்காகப் பழங்களைத் துடைத்துப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் என்ஜினை மட்டும் ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். புதுச் சட்டை வாங்கினால் தோளில் வைத்துப் பார்ப்பதில்லையா, அந்த மாதிரிதான். என்ஜின் கிளம்பியது. அந்தச் சத்தத்தைக் கேட்டவன் தரையில் இருக்க முடியாது, மைத்துனரே. ஊரை ஒரே ஒரு சுற்று சுற்றிவிட்டு இறங்கிவிடலாம் என்று மேலே போனேன். போனதும் சக்கரத்தை உள்ளே இழுத்துக்கொண்டேன். பட்டப்பகலில் கேபினில் விளக்கு எதற்கு என்று ஒரு சுவிட்சை அணைத்தேன். ஒவ்வொரு வகுப்பறையாக விளக்கை அணைத்துக்கொண்டே வீட்டுக்குப் போன பழக்கம். அது விளக்கு இல்லை. சக்கரத்தை இறக்குகிற பம்ப். இது எனக்குத் தெரிந்தது வெகுநேரம் கழித்து. அதுவரை சுற்றிக்கொண்டே இருந்தேன்.

பையோடு அறை வாசலில் வந்து நின்றாள்.

"என்னங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"இதோ, இறங்கிட்டு வந்துடறேன்."

"எங்கேருந்து இறங்கணும்? நாற்காலியிலேருந்துதானே?"

"சக்கரம் இறங்க மாட்டேங்குதும்மா."

"சக்கரம் இறங்கலைன்னா நீங்க இறங்குங்க!"

கணினியை அணைத்துவிட்டு வர வேண்டியதுதானே என்று நீங்களும் கேட்பீர்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன். பரீட்சை நடந்துகொண்டிருக்கும்போது மேற்பார்வைக்கு நிற்கும் ஆசிரியர், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போவாரா? என் முதுகுக்குப் பின்னால் விமானம் நிறையப் பயணிகள் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் பொம்மைகள்தான், எனக்குத் தெரியும். ஆனால் மூன்றாவது வரிசை ஜன்னலோரத்தில் வழுக்கைத் தலையும் பழுப்புக் கோட்டுமாக ஒருவர், அச்சு அசல் எங்கள் பழைய தலைமையாசிரியர் போலவே இருந்தார். அவரை நடுவானில் விட்டுவிட்டு வர எனக்குத் தைரியம் இல்லை.

இதற்கிடையில் தரையை நெருங்கும்போதெல்லாம் விமானத்துக்குள்ளிருந்து ஒரு குரல், "மேலே தூக்கு! மேலே தூக்கு!" என்று அலறியது. நான் ஹெட்போனைச் செருக மறந்திருந்தேன். எங்களுக்குக் கீழ்த்தளத்தில் பல் டாக்டரின் கிளினிக். அங்கே நாற்காலியில் வாயைப் பிளந்து சாய்ந்திருந்த ஒருவர், டாக்டர் எதையோ தூக்கப் போகிறார் என்று பயந்து, வாயில் பஞ்சோடு தெருவில் இறங்கி நடந்துவிட்டாராம். பல் டாக்டர் மேலே வந்து மிகவும் பணிவாகக் கேட்டார்: "சார், உங்க விமானம் எப்ப இறங்கும்? எனக்கு ஒரு பல் பாக்கி இருக்கு."

கடைசியில் எரிபொருள் தீரும் நேரத்தில் ஒரு வயலைப் பார்த்து, விமானத்தின் வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு இறங்கினேன். சேறும் புல்லும் பறந்தன. கோட்டுக்காரர் உட்பட ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கூடத்துக்கு ஓடிவந்து, "எல்லாரும் பத்திரம்!" என்று கத்தினேன். உங்கள் தங்கை பழப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பஸ் போய்விட்டிருந்தது.

"எங்கண்ணன்?" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை.

டெலிபோன் ஆபரேட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், ஊரில் பாதியை மீதிப் பாதியோடு பேச வைத்தவள், பேசாமல் இருந்தால் வீடு எப்படி இருக்கும்? விடுமுறை நாளில் எதையோ மறந்து வைத்துவிட்டு எடுக்கப்போய், காலி வகுப்பறையில் தனியாக நின்றால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. மேசையில் தட்டு வைக்கும் சத்தம் கேட்டால் சாப்பாடு தயார் என்று அர்த்தம். சத்தம் கொஞ்சம் பெரிதாகக் கேட்டால், உப்பு குறைவாக இருந்தாலும் வாயைத் திறக்காதே என்று அர்த்தம். குழாய் ரிப்பேர்காரர் வந்தபோது நான் பக்கத்திலேயே நிற்க, "எந்தக் குழாய்னு இந்த வீட்டுக்காரரைக் கேளுங்க" என்று அவரிடம் சொன்னாள். அவர் என்னைக் கேட்டார். நான் சொன்னேன். அதை அவர் அவளிடம் சொன்னார். குழாய்க்கு ஆன நேரத்தைவிட இதற்குத்தான் அந்த மனிதருக்கு அதிக நேரம் ஆனது. போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

பிறகு பரணிலிருந்து பெட்டி இறங்கியது. அதில் குளிர்காலச் சால்வையும் போவதைப் பார்த்தேன். இப்போது வெயில் காலம், மைத்துனரே. அந்தச் சால்வையைப் பார்த்ததும் எனக்கு உள்ளுக்குள் ஏதோ கழன்று விழுந்தது. விமானம் விழுந்தபோதுகூட அப்படி இல்லை.

நேற்று மாலை, பேச ஆள் இல்லாத குறைக்கு, விமானத்தை மறுபடி திறந்தேன். அது எதையும் மறக்கவில்லை, அடிவயிறெல்லாம் சேறு. பழுது பார்க்கும் கொட்டகையில் விட்டு ஒருவழியாகத் தேற்றினேன். இந்த வகை விமானத்தைக் கிளப்புவதற்கு ஒரு முறை உண்டு. ஒரு விமானி பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். மற்றவர் அந்தந்த சுவிட்சைக் கண்ணால் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். பதில் வராமல் அடுத்ததுக்குப் போகக் கூடாது. எனக்கு இரண்டாவது ஆள் இல்லை. ஆகவே நானே கேட்டு நானே சொல்லிக்கொண்டேன்.

"கதவு? மூடியாச்சு. பேட்டரி? போட்டாச்சு. பம்ப்? போட்டாச்சு."

கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தவள் சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "பார்க்காமலே சொல்றாங்க சில பேர்."

ஜன்னலில் குருவி வந்து உட்கார்ந்தால் நாம் அசையாமல் இருப்பதில்லையா, அப்படி இருந்தேன்.

"எத்தனை வருஷம் லைன்ல உட்கார்ந்திருக்கேன். கேட்டவங்களே பதிலும் சொல்லிக்கிறதை இப்பத்தான் பார்க்கிறேன்" என்றாள், இந்த முறை மின்விசிறியிடம். பிறகு ஒரு நாற்காலி இழுபடும் சத்தம். என் பக்கத்தில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டு, பட்டியலை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"கதவு?" அவளுடைய பழைய ஆபரேட்டர் குரல்.

"மூடியாச்சும்மா."

"சிவப்பு விளக்கு எரியுது. பார்த்துச் சொல்லுங்க."

திறந்துதான் கிடந்தது. மூடினேன்.

"பம்ப்?"

"போட்டாச்சு. இனி இந்த ஜென்மத்துல அணைக்க மாட்டேன்."

"கேட்டதுக்கு மட்டும் பதில். எரிபொருள்?"

"இருக்கு."

"பிரேக்?"

"போட்டிருக்கு."

"அண்ணனுக்கு போன்?"

நான் பட்டியலை எட்டிப் பார்த்தேன். அதில் அப்படி ஒன்றும் இல்லை.

"அண்ணனுக்கு போன்?" என்றாள் மறுபடியும், அதே குரலில்.

"பண்ணலை."

"ஏன்?"

"என்னன்னு சொல்றது? சக்கரம் இறங்கலைன்னா? வெட்கமா இருந்துச்சும்மா."

"லைன் அப்படியே நிக்குது. சரியான பதில் வந்தாத்தான் அடுத்தது."

"கடிதமா எழுதறேன். எழுதிட்டு நேர்லயும் போய்ப் பார்க்கிறேன்."

"பார்த்துச் சொல்றீங்களா, பார்க்காமச் சொல்றீங்களா?"

நான் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். பட்டியலில் இல்லாத அந்த வரிக்கு அவள் விரலால் ஒரு டிக் போட்டாள். பிறகு, "சரி. விசிறி ஒண்ணு?" என்றாள்.

அந்தக் கடிதம்தான் இது. நீங்கள் ஒற்றைக் கண்ணோடு ஆஸ்பத்திரிக் கதவைப் பார்த்துக்கொண்டு எங்களுக்காகக் காத்திருந்தீர்கள். நான் ஒரு பொம்மைக் கோட்டுக்காரருக்காக வரவில்லை. உங்களைவிட அவர் எனக்கு ஒன்றும் உசத்தி இல்லை. மன்னிக்க வேண்டும்.

மேலே போனபிறகு நடந்ததையும் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. சில மாலைகளில் இந்தச் சிமுலேட்டரில் விமான நிலையக் கட்டுப்பாட்டு அறையில் நிஜ மனிதர் ஒருவர் உட்கார்ந்து நம்மோடு பேசுவார். சம்பளம் கிடையாது, என்னைப் போல ஒரு பைத்தியம். நேற்று இருந்தவர் பகலில் ரொட்டிக்கடை நடத்துபவர். என் விமானம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கேட்டார். என் இரண்டு கையும் விமானத்தில் இருந்ததால் ஹெட்போனை உங்கள் தங்கையின் தலையில் மாட்டினேன்.

"வணக்கம்" என்றாள். "கேப்டன் வேற வேலையா இருக்காருங்க. லைன்லயே இருங்க, கேட்டுச் சொல்றேன்."

அந்தப் பக்கம் பேனாவோ எதுவோ கீழே விழும் சத்தம் கேட்டது. பிறகு, "சரிங்கம்மா" என்றார் ரொட்டிக்கடைக்காரர். அவருக்கு இதுவரை யாரும் அப்படிப் பதில் சொன்னதில்லை போலும். அதே சமயம் வேறு மூன்று விமானங்கள் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தன. யார் பேசுவதும் யாருக்கும் புரியவில்லை. பாவம், அந்த மனிதர் "யாருங்க, யாருங்க" என்று தடுமாறினார். உங்கள் தங்கை நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எல்லாரும் சேர்ந்து பேசினா யாருக்கும் கேட்காது. முதல்ல பேசினவர் அப்படியே இருங்க. ரெண்டாவது பேசினவரும் இருங்க. மூணாவது ஆளுக்குக் குரல் நடுங்குது, அவர் சொல்லட்டும். என்னப்பா ஆச்சு?"

"எரிபொருள் தீரப்போகுதுங்கம்மா."

"சரி. கட்டுப்பாட்டு அறை, இவரை முதல்ல இறக்கி விடுங்க. மத்தவங்க கொஞ்சம் சுத்திட்டு இருங்க. எங்க கேப்டனும் சுத்துவார், அவருக்கு அது நல்லாப் பழக்கம்."

நான் சுற்றினேன். எங்கள் முறை வந்தது. தரை நெருங்கியதும் அந்தக் குரல், "மேலே தூக்கு!" என்றது. "கேட்டாச்சு. ஒரு தடவை சொன்னாப் போதும்" என்றாள். அது சட்டென்று நின்றுவிட்டது. நான் கொஞ்சம் நிமிர்த்திப் பிடித்ததால் நின்றது என்று நினைக்கிறேன். இதை அவளிடம் சொல்லவில்லை.

"சக்கரம்?"

"இறங்கியாச்சு, மூணு பச்சை விளக்கு. பார்த்துதான் சொல்றேன்."

விமானம் தரையைத் தொட்டது, எழும்பியது, தொட்டது, மறுபடி எழும்பியது, ரப்பர் பந்து மாதிரி குதித்துக் குதித்து ஓடி ஒருவழியாக நின்றது. பொம்மைப் பயணிகள் கைதட்டினார்கள். உங்கள் தங்கை கண்ணாடி மூக்கிலிருந்து நழுவி விழும் அளவுக்குச் சிரித்தாள். நானும் சிரித்தேன். கீழே பல் டாக்டர் என்ன நினைத்தாரோ தெரியாது. அப்போது ரொட்டிக்கடைக்காரர் கேட்டார்: "அம்மா, சனிக்கிழமைன்னா இங்க ஒரே கூட்டம். ஒத்தை ஆளா முடியலை. நீங்க வந்து லைனைப் பார்த்துப்பீங்களா?"

அவள் கூடத்தில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். "வரேன்" என்றாள், மைக்கில். இன்று காலை சால்வை அலமாரிக்குப் போய்விட்டது.

ஆகவே சனிக்கிழமை காரை எடுக்க வேண்டாம், டிரைவருக்கு லீவு கொடுங்கள். அடுத்த வாரம் நாங்கள் இருவரும் பஸ்ஸில் வருகிறோம். கிளம்புகிற அன்று கணினியின் பிளக்கைப் பிடுங்கி உங்கள் தங்கை தன் பையில் வைத்துக்கொள்வாள் என்று ஒப்பந்தம். உங்கள் கண் சீக்கிரம் தெளிந்து, உலகமெல்லாம் பளிச்சென்று தெரியவும், என் குற்றங்கள் மட்டும் சற்றே மங்கலாகத் தெரியவும் வேண்டிக்கொள்கிறேன். உங்கள் மனைவிக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் இரண்டாம் விமானி

பி.கு.: வர வேண்டாம் என்று மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடவும். சனிக்கிழமை அவசியம் வரவும். நான் உறையைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் தங்கை இன்னொரு விமானம் வாங்கிவிட்டாள். பழைய காலத்துப் பெரிய விமானம், நாலு என்ஜின். விமானிகளுக்குப் பின்னால் சுவர் முழுக்க மீட்டர்கள். அவற்றைப் பார்ப்பதற்கென்றே மூன்றாவதாக ஓர் ஆள் பக்கவாட்டில் உட்கார வேண்டுமாம். "மின்நிலையத்துல அத்தனை வருஷம் மீட்டர் பார்த்தவர் எங்கண்ணன். அவரை விட்டா வேற யாரு?" என்கிறாள். உங்கள் கண்ணைப் பற்றிச் சொன்னேன். மீட்டர்கள் எல்லாம் வலது பக்கம்தான், இடது கண்ணுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கிறாள். நாலைந்து சட்டை கூடுதலாக எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். அவள் குறித்துவைத்திருக்கும் முதல் பயணம் கடல் தாண்டிப் போகிறது.