சங்கு மெக்கானிக் மாட்டிய ஷாஃப்ட்

உயிரோடு எதிரில் நிற்கிற ஆளிடமே அவருக்கான இரங்கல் செய்தியைச் சொல்லத் தெரிந்தவர் இந்த உலகத்தில் ஒருத்தர்தான். செங்கல்பட்டில், திருக்கழுக்குன்றம் ரோட்டோரம் ஷெட் போட்டிருக்கும் சங்கு மெக்கானிக். அவருக்கு அப்பா அம்மா வைத்த பேர் யாருக்கும் தெரியாது. எந்த வண்டி வந்தாலும் உற்றுப் பார்த்துவிட்டு, "இது சங்குதான்" என்பார். வண்டிக்கா, ஓட்டுகிறவனுக்கா என்று கேட்டால், "ரெண்டும் ஒண்ணாதான போவுது" என்பார்.

ஹாரன் அடிக்கவில்லை என்று ஸ்கூட்டரைக் கொண்டுவந்த வாத்தியார் ஒருவரிடம், "பசங்கள்லாம் படிச்சு முடிச்சிட்டாங்களா சார்?" என்று விசாரித்தார். வாத்தியார் ஸ்கூட்டரை அங்கேயே விட்டுவிட்டு பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டார். ஹாரனில் ஒரு வயர் கழன்றிருந்தது, அவ்வளவுதான்.

ஊரையே இப்படிக் கதிகலங்க அடிக்கிறவர், தான் ரிப்பேர் செய்த எந்த வண்டியிலும் ஏறமாட்டார். வேலை முடிந்ததும் சாவியை நம் கையில் திணித்து, "ஒரு ரவுண்டு போய்ட்டு வா அண்ணாத்த" என்று அனுப்பிவிட்டு வாசலில் நிற்பார். நாம் திரும்பி வந்தால் அவர் முகத்தில் லேசாக ஓர் ஆச்சரியம் தெரியும்.

நான் சாமியானா, சேர், சமையல் பாத்திரம் வாடகைக்கு விடுகிறவன். என் பிக்கப் வண்டி, அதில் நான் ஏற்றிப்போன பல மாப்பிள்ளைகளைவிட வயதில் மூத்தது. ஒரு நாள் ரிவர்ஸிலிருந்து ஃபர்ஸ்ட் கியர் போட்டபோது அடியில் 'டொக்' என்றது. ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். சரியாகிவிட்டது. அப்புறம் மெதுவாகப் போகும்போது 'கீச் கீச்' என்று குருவி மாதிரி கத்த ஆரம்பித்தது. ரேடியோவை இன்னும் சத்தமாக வைத்தேன். அறுபதைத் தொட்டதும் சீட்டே உதறத் தொடங்கியபோதுதான், ரேடியோவால் ஆவது இனி ஒன்றுமில்லை என்று சங்குவிடம் போனேன்.

சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தார். கியரை நியூட்ரலில் போட்டார். சாக்கை விரித்து வண்டிக்கடியில் படுத்தார். "வா, நீயும் படு" என்றார்.

"நான் எதுக்கு மேஸ்திரி?"

"உன் சாவு எங்க கீதுன்னு நீ பாக்க வாணாமா?"

படுத்தேன். மூக்குக்கு மேலே, கியர்பாக்ஸிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் நீளக் குழாய். அதுதான் ஷாஃப்ட்டாம். அதன் ரெண்டு முனையிலும் கூட்டல் குறி மாதிரி ஒரு இரும்பு. அதற்குப் பேர் கிராஸ். வண்டி குலுங்கினாலும் ஷாஃப்ட் மடங்கிச் சுற்ற அதுதான் மூட்டு. சங்கு ஷாஃப்டைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார். முன்பக்க மூட்டு ஆடும் பல்லைப் போல ஆடியது. செங்கல் பொடி மாதிரி துரு என் நெற்றியில் கொட்டியது.

"கிரீஸே இல்ல. உள்ள ஊசி பேரிங்லாம் மாவாப் பூட்ச்சு. இது வுட்டுச்சுன்னு வையி, ஷாஃப்ட்டு மூக்கு ரோட்ல குத்தும். வண்டி கம்பு ஊனித் தாண்டறவன் மாரி எகிறும்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? நாங்க நாலு பேரு உன்னப் பத்தி நல்லவிதமாப் பேசிக்கினு இருப்போம்."

எழுந்திருக்க முயன்றேன். வண்டி தலையில் இடித்தது. முதல் சாவு அதுதான் என்று நினைத்தேன்.

ஷாஃப்ட் ரெண்டு துண்டாகக் கழலும். பிரிக்கும் முன்னே ரெண்டு துண்டுக்கும் சேர்த்து ஒரு சாக்பீஸ் கோடு போட்டார். "இருந்த மாரியே மாட்டணும். மாறிப்போனா வண்டி பேயாடும்" என்று எனக்கும் பாடம் எடுத்தார். பழைய கிராஸைத் தட்டி எடுத்து, புதுசை வைஸ் இடுக்கியில் வைத்து அழுத்தி, கிளிப் போட்டார். அடுத்துதான் அவருடைய பக்தி வேலையைக் காட்டியது. புதுப் பாகம் போட்டால் பூஜை போடாமல் மாட்டமாட்டார். ஷாஃப்டை மண்ணெண்ணெயில் பளபளவென்று துடைத்தார். மூணு பட்டை விபூதி, சந்தனம், குங்குமம். கற்பூரம் காட்டி மாட்டினார். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். சாக்பீஸ் கோடு எங்கே என்று சாமியும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஊருக்குள் ஒரு ரவுண்டு போனேன். செங்கல்பட்டு டிராஃபிக்கில் எந்த வண்டி வேகமெடுக்கும்? பூப்போலப் போனது.

மறுநாள் காலை நெம்மேலியில் ஒரு கல்யாண வீட்டுக்கு அண்டா, சேர் எல்லாம் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். மாமல்லபுரம் தாண்டி ஈ.சி.ஆரில் கொஞ்சம் மிதித்தேன். வண்டிக்குச் சாமி வந்துவிட்டது. பின்னால் அண்டாக்கள் மோதிக்கொண்டன, முன்னால் என் பற்கள் மோதிக்கொண்டன. எகிறினால் எந்தப் பக்கம் விழலாம், கடலா, சவுக்குத் தோப்பா என்று யோசித்தபடி, கதவைத் திறந்துவைத்துக்கொண்டே ஓரம் கட்டினேன். இறங்கி ஓடித் தோப்பில் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் சங்குவுக்குப் போன் போட்டேன்.

"வண்டியத் தொடாத. தள்ளி நில்லு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. சங்கு என்றுகூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. நடுவில் சமையல் மாஸ்டர் வேறு போன் பண்ணி, "அண்டா வருதா, நான் கையிலயே கிண்டட்டா?" என்றார்.

மொபெட்டில் வந்து இறங்கிய சங்கு, நேராக வண்டிக்கடியில் போனார். இந்தத் தடவை என்னைப் படுக்கக் கூப்பிடவில்லை. வெகுநேரம் கால் மட்டும் தெரிந்தது.

"இன்னா மேஸ்திரி?"

"ஷாஃப்ட்டு ரெண்டு முனைலயும் கிராஸப் புடிக்கிற காது ஒரே நேர்ல நிக்கணும். ஒண்ணு திரும்பிக்கினு நிக்குது."

"எவன் மாட்டினான்?"

தெரிந்த காலும் உள்ளே போனது. "நாந்தான். பொட்டு வெக்கச் சொல்லோ கோட்டத் தொடச்சிட்டேன்."

கழற்றி, திருப்பி, நேர் பார்த்து மாட்டி, போல்ட்டுகளை இறுக்கினார். நான் வழக்கம்போலச் சாவிக்குக் கை நீட்டினேன். அவர் தரவில்லை.

"நீ இங்கியே இரு. உனுக்குக் குடும்பம் கீது."

"உனுக்கு இல்லியா மேஸ்திரி?"

ஏறி உட்கார்ந்தார். வண்டி கிளம்பி, வேகமெடுத்து, வளைவில் மறைந்தது. அதுவரை என் வண்டி, என் அண்டா, என் உயிர் என்று பயந்துகொண்டிருந்தவன், அந்தக் காலி ரோட்டைப் பார்த்தபடி முதன்முறையாக வேறொருத்தருக்காகப் பயந்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்தப் பயம் இன்னும் மோசம்.

திரும்பி வந்தார். வண்டியில் ஒரு நடுக்கமும் இல்லை. இறங்கியவருடைய கைகள்தான் நடுங்கிக்கொண்டிருந்தன. "நல்லா கீது. போலாம்" என்று சொல்லிவிட்டு, மொபெட்டைப் பின்னால் அண்டாக்களோடு ஏற்றிக் கட்டி, என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

நெம்மேலியில் மாஸ்டர் திட்டிக்கொண்டே ஆளுக்கொரு டீ கொடுத்தார். சங்குவின் டம்ளர் தளும்பித் தளும்பிச் சட்டையெல்லாம் டீ. என் டீயைத் தரையில் வைத்துவிட்டு, அவர் குடித்து முடிக்கும்வரை அவருடைய டம்ளரை நான் பிடித்துக்கொண்டேன்.