செஜாரா சீனி

உலகத்துப் பல்கலைக்கழகங்கள் பல ஆண்டு ஆராய்ந்துதான் ஒரு புதிய துறையைக் கண்டுபிடிக்கின்றன. ஒரே ஒரு சுழியைப் போட்டுப் புதிய துறையைக் கண்டுபிடித்த பெருமை ஜார்ஜ் டவுனில் இருக்கும் எங்கள் தனியார்க் கல்லூரிக்கு மட்டுமே உரியது. அந்தச் சுழியைப் போட்டவன் நான். மாணவர் சேர்க்கைப் பிரிவில் மூத்த எழுத்தர். பெயர் மோகனராஜ்.

ஒரு கல்லூரி எப்படி இயங்குகிறது என்று வெளியில் பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்தால் அசந்துபோவார்கள். ஆகவே படிப்படியாக விளக்குகிறேன்.

எங்கள் விதி எளிமையானது. பத்துப் பேர் சேராத பாடம் மூடப்படும். தலைவர் டாக்டர் பக்கிரிசாமி கையெழுத்துப் போட்டால் மட்டும் விலக்கு உண்டு. ஹோட்டல் நிர்வாகத்தில் ஆறு பேர்தான் சேர்ந்தார்கள், விலக்குக் கிடைத்தது. அந்த ஆறு பேரும் தலைவருக்கு நன்றாகத் தே தாரேக் தேநீர் கலக்கிக் கொடுத்தார்கள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று குறிப்பேட்டில் நானே எழுதியிருக்கிறேன்.

கலை வரலாறு என்ற பாடத்தில் சேர விரும்பியவர் ஒருவர். வெளியே தெருவில் சுவர் ஓவியத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள ஆயிரம் பேர் வெயிலில் வரிசை நிற்கிறார்கள். அதைப் பற்றிப் படிக்க வந்தவர் நிக்கோல் மட்டும். பாயான் பாருவிலிருந்து பஸ் ஏறி மூன்று முறை வந்துவிட்டாள்.

"அங்கிள், இன்னும் எத்தன பேரு வேணும்?"

"ஒம்பது பேரும்மா."

"நான் வேணும்னா பத்துத் தடவ பாரம் எழுதித் தரட்டா?"

விதியில் அதற்கு இடம் இல்லை. இருந்தாலும் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன்.

அப்போதுதான் தமிழ்ப் பெற்றோருக்காகத் தமிழில் துண்டறிக்கை அடிக்கச் சொன்னார் தலைவர். அதற்கும் ஒரு விதி: பாடத்தின் அதிகாரப்பூர்வ மலாய்ப் பெயரை மொழிபெயர்க்கக் கூடாது, தமிழ் எழுத்தில் அப்படியே எழுத வேண்டும். மலாயில் செஜாரா என்றால் வரலாறு, செனி என்றால் கலை. "செஜாரா செனி" என்று தட்டினேன். கணினி "செனி"க்குக் கீழே சிவப்புக் கோடு போட்டு, "சீனி" என்று பணிவோடு ஆலோசனை கூறியது. ஆலோசனைகளை ஏற்பது எங்கள் கல்லூரியின் "பண்பாடு". கொம்பு போய்ச் சுழி வந்தது. "செஜாரா சீனி: மேஜராகவும் மைனராகவும் படிக்கலாம்!"

ஒரே வாரத்தில் பன்னிரண்டு பேர். பலகாரக் கடைக்காரர் ஒருவர் மகனையும் மருமகளையும் சேர்த்தார். இத்தனை நாள் மகளுக்குக் கலைப் பாடமே வேண்டாம் என்று சொல்லிவந்த நிக்கோலின் அப்பா ஆரோக்கியநாதனும் துண்டறிக்கையோடு நேரில் வந்தார். பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலையில் முப்பது வருடமாகத் தரப் பரிசோதகர்.

"தம்பி, இது இந்த இனிப்பு நீர் வியாதி சமாச்சாரம்தானே? எனக்குச் சீனி பதினாலுல ஏறி நிக்குது. வீட்டுல ஒரு ஆள் படிச்சா நல்லதுதானே லா."

நிக்கோல் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"வரலாறுதான் முக்கியமா படிப்பாங்க, அண்ணே," என்றேன். பொய் சொல்வது விதிக்கு முரணானது.

"சரி. அது என்னா மேஜர், மைனர்?"

"மேஜர்னா முழுசா படிக்கிறது. மைனர்னா ஓரமா படிக்கிறது."

"மைனர் வேணாம். எங்க சித்தப்பா ஒருத்தரு மைனராத்தான் திரிஞ்சாரு. மூணு எஸ்டேட்டுல பேரு கெட்டுப்போச்சு. மேஜரே போடுங்க."

போட்டேன்.

அந்தப் பாடத்தின் ஒரே விரிவுரையாளர் ஜெகதீஸ்வரி. மறுநாள் துண்டறிக்கையோடு தலைவரின் அறைக்குள் புயலாக நுழைந்தார்.

"டாக்டர், இது செனி! சீனி இல்ல!"

"ஒரு சுழிதானே மேடம்? பன்னெண்டு பேரு வந்திருக்காங்க. நீங்க கலைய நடத்துங்க, நடுவுல கொஞ்சம் சீனி தூவுங்க."

கல்வியில் நெகிழ்வுத் தன்மை என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

முதல் வகுப்பில் மேடம் அரை மணி நேரம் ஒரு பழைய ஓவியத்தைத் திரையில் காட்டினார். ஜிலேபி எப்போது வரும் என்று கடைக்காரர் மகன் கேட்டான். மேடம் உண்மையைச் சொல்லிவிட்டார். நான்கு பேர் எழுந்து போனார்கள். மீதி எட்டு. விதிப்படி இரண்டு பேர் குறைவு. ஆனால் தலைவர் பெருந்தன்மையானவர். மேடத்தையும் என்னையும் அறைக்கு அழைத்து, விலக்குக் கடிதம் தட்டச்சு செய்யச் சொல்லி, பேனாவின் மூடியைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து ஆரோக்கியநாதன் மகளைக் கையோடு இழுத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"சார், சீனின்னு சொல்லிட்டுச் சித்திரம் காட்டுறாங்களாம்! என் மக பேர எடுங்க."

"அப்பா, எனக்குத் தெரிஞ்சுதான் சேர்ந்தேன்," என்றாள் நிக்கோல். "உங்ககிட்டச் சொல்லாதது தப்பு. படிப்பு தப்பில்ல."

"படத்தப் பாக்குறதுக்கு மூணு வருஷமா? அத நான் சும்மாவே பாப்பேனே!"

தலைவர் சிரித்தார். பெற்றோரைச் சமாளிப்பதில் அவருக்கு இணை கிடையாது. "மிஸ்டர் நாதன், உட்காருங்க. பாப்பா, நீயே அப்பாவுக்கு ஒரு எக்ஸாம்பிள் சொல்லு. இந்தப் படிப்பால என்னா பிரயோஜனம்?"

நிக்கோல் தலைவரின் தலைக்கு மேலே பார்த்தாள். அங்கே ஆளுயர ஓவியம் ஒன்று தொங்கியது. நீலமும் சிவப்புமாகப் பட்டை பட்டையாக இருக்கும். கல்லூரியின் எல்லா வெளியீடுகளிலும் தலைவர் அதன் முன்னால்தான் கைகட்டி நிற்பார்.

"சார், அந்தப் படம் தலைகீழா இருக்கு."

ஆரோக்கியநாதன் எழுந்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, படத்துக்கு ஒரு சாண் பக்கத்தில் முகத்தை வைத்தார். தொழிற்சாலையில் மின்சுற்றுப் பலகைகளை இப்படித்தான் பார்ப்பார் போலும்.

"ஆமா லா. பெயிண்ட் வழிஞ்சிருக்கு, பாருங்க. கீழேர்ந்து மேல போவுது. பெயிண்ட் மேல பாத்து வழியுமா?"

பிறகு மகள் பக்கம் திரும்பினார். "இதத்தான் மூணு வருஷம் படிப்பியா?"

"ஆமாப்பா. ஒழுங்காப் பாக்குறதுதான் பாடமே."

"நான் முப்பது வருஷமா இதத்தானே செய்றேன். மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே பிள்ள!" அவர் குரல் இறங்கிவிட்டது. "சார், பேர எடுக்க வேணாம். படிக்கட்டும்."

மேடம் என்னைப் பார்த்தார். நான் மேடத்தைப் பார்த்தேன். படம் தலைகீழாகத் தொங்குவது எங்கள் இருவருக்கும் ஆறு வருடமாகத் தெரியும்.

தலைவர் பேனாவின் மூடியை மூடினார். 'டிக்' என்று கேட்டது.

"எட்டுப் பேருதான் இருக்காங்க இல்ல?" என்றார் அமைதியாக. "விதி விதிதான், மோகன்."

அன்று மாலையே பாடம் மூடப்பட்டது. எங்கள் நிர்வாகத்தின் வேகத்துக்கு இது சான்று. ஜெகதீஸ்வரி மேடம் இப்போது ஹோட்டல் நிர்வாகத்தில் நாப்கின் மடிக்கும் கலையைக் கற்பிக்கிறார். புகாரையும் நாங்கள் புறக்கணிக்கவில்லை. "ஓவியத் திசை ஆய்வுக் குழு" அமைக்கப்பட்டு, மூன்று முறை கூடி, ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது: 'ஓவியம் எந்தத் திசையில் தொங்க வேண்டும் என்று கருத்துரைக்கத் தகுதியுள்ள கலை வரலாற்றுத் துறை கல்லூரியில் தற்போது இல்லை. எனவே கோப்பு மூடப்படுகிறது.' இதைவிடக் கச்சிதமான தீர்மானத்தை நான் தட்டச்சு செய்ததில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பாயான் பாரு பாசாரில் ஆரோக்கியநாதனைப் பார்த்தேன். சீனி போடாத கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். நிக்கோல் எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தேன்.

"நம்ம ஃபேக்டரியிலதான் சேர்த்துவிட்டேன், தம்பி. என் பக்கத்து மேசை. வேற எடத்துல பாடம் தொறக்குற வரைக்கும். நல்ல கண்ணு அவளுக்கு."

"அந்த வேல பிடிச்சிருக்கா, அண்ணே?"

கோப்பியைக் குடித்து முடித்துக் கோப்பையை வைத்தார்.

"பிடிச்சிருக்காம். அங்க கோளாறுன்னு கையக் காட்டுனா, கோளாறானதத்தான் தூக்கி வெளிய போடுறாங்க. கையக் காட்டுன ஆள இல்ல."